கூலரைக் கட்டிய கயிறு

டெல்லியில் எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஏ.சி. கிடையாது. பால்கனியில் நிற்கும் தகரக் கூலர்தான் கோடைக்குக் குலதெய்வம். அதற்குப் பூசாரி என் வீட்டுக்காரர். ஹோலி முடிந்த ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். தொட்டியில் படிந்த உப்பைச் சுரண்டி, துருப்பிடிக்காமல் தார் பூசி, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, மூன்று பக்கக் கதவுகளிலும் தண்ணீர் ஊறிக் காற்று குளிர்வதற்குப் புதுப் புல் அடைப்பார். முதல் தண்ணீர் அந்தப் புல்லில் இறங்கி வாசனை கிளம்பியதும், "இந்தா, சாரல் வந்துருச்சு பாரு" என்று என்னைக் கூப்பிடுவார். சாரலாவது மண்ணாவது. பால்கனி பூராவும் புல்தூசி, கூட்டுகிறவள் நான்.

தீபாவளிக்கு முன்னால் மூடு விழா. தண்ணீரை வடித்து, காயவைத்து, தார்ப்பாய் போர்த்தி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். முடிச்சுக்கு மேல் முடிச்சு. ஹோலிக்கு அதை அவிழ்க்கவே அரை நாள் போய்விடும். பல்லால் கடிப்பார், ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புவார், வெட்ட மட்டும் விடமாட்டார்.

"ரெண்டாவது மாடியில யாருங்க வந்து தூக்கிட்டுப் போகப் போறா? எதுக்கு இப்படிக் கட்டுறீங்க?" என்று வருஷா வருஷம் சண்டை பிடிப்பேன்.

"நாந்தான அவுக்கப் போறேன், ஒனக்கென்ன வந்துச்சு" என்பார்.

போன தீபாவளிக்கும் அவர்தான் கட்டினார். நடுநடுவே நின்று இருமினார். அந்த மாசத்தில் டெல்லியில் யார்தான் இருமவில்லை? பக்கத்து வீட்டில் இருமல், பஸ்ஸில் இருமல், கோயிலிலும் இருமல். கஷாயம் போட்டுக் கொடுத்தேன். டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டதற்கு, "போனேன். எல்லாம் பொல்யூஷனாம். குளிர் போனா சரியாயிரும்னுட்டாரு" என்றார். நானும் நம்பினேன். குளிர் போவதற்குள் அவர் போய்விட்டார். கேன்சர் நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஹோலி வந்து போனது. வெயில் ஏறியது. மத்தியானம் கட்டில் சட்டம்கூடச் சுட்டது. நான் கூலர் பக்கமே போகவில்லை. அவர் கை கடைசியாகக் கட்டியது அந்தக் கயிறு. அது அவிழ்ந்துவிட்டால் அவர் கட்டிவைத்தது என்று இந்த வீட்டில் அப்புறம் எதுவும் இல்லை. பைத்தியக்காரத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் கத்திரிக்கோலோடு பால்கனிக்கு வந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் பாதி இந்தி. "பஸ் அம்மா, போதும். இந்த கர்மில வெந்துட்டு எப்படி இருக்கறது? ரஸ்ஸிய கட் பண்ணிடறேன், தள்ளு."

"கயித்துல கத்திரி பட்டுச்சுன்னா நடக்குறதே வேற" என்று கத்தினேன்.

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "எனக்கும் அவர் அப்பாதான்மா" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. என் துக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சரி, வெட்ட வேணாம். நானே அவுக்குறேன்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். தார்ப்பாயில் தூசி அப்பியிருந்தது. கயிற்றைத் தடவிக்கொண்டே போனேன். முடிச்சுகளைக் காணோம். முன்பக்கம், என் கைக்கு எட்டும் உயரத்தில், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு காது வைத்த முடிச்சு.

மகள் குனிந்து பார்த்தாள். "அம்மா, இது என் ஷூ லேஸ் முடிச்சு. ஸ்கூலுக்குப் போறப்போ அப்பா இப்படித்தான் கட்டி விடுவார். நானே அவுத்துக்கணும்னு."

ஒரு நுனியை இழுத்தேன். கயிறு மொத்தமும் சரிந்து மடியில் விழுந்தது.

ஆக, நோய் இன்னதென்று அப்போதே டாக்டர் சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஹோலிக்கு யார் வந்து அவிழ்க்கப் போகிறார்கள் என்றும் தெரிந்திருக்கிறது. அத்தனையும் தெரிந்துகொண்டு, நான் போட்ட கஷாயத்தை மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரை நீட்டியிருக்கிறார். பாவி மனுஷன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேனே. என் கை நோகக் கூடாது என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

கை நோகவே இல்லை.