வலிக்காத ஊசி

எனக்குச் சர்க்கரை வந்தது கல்யாணமான மறுவருஷம். ஊசிக்கு நான் பயந்ததில்லை. அதற்கு முன்னால் நடக்கும் திருவிழாவைத்தான் பொறுக்க முடியாது. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் தனித்தனியாகக் கழற்றிக் கொதிக்கவிட வேண்டும். ஆறியபின் பொருத்தி, புட்டிக்குள் காற்றை ஏற்றி, மருந்தை இழுத்து, குமிழியைச் சுண்டிச் சுண்டி வெளியேற்றி, கோடு சரியா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக்குள் என்றால் தொலையட்டும். விசேஷ வீட்டில் போய்க் கொஞ்சம் வெந்நீர் கேட்டால் போதும், சமையல்காரர் முதல் மாப்பிள்ளை வரை சேதி போய்விடும். அப்புறம் ஆளாளுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். எல்லாரையும் போல வந்தோமா, உண்டோமா, சாம்பாரில் உப்பில்லை என்று குறை சொன்னோமா என்று ஒரே ஒரு கல்யாணத்திலாவது இருந்துவிட மாட்டேனா என்று ஏங்கியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், ஜெர்மனியில் கன்னியாஸ்திரியாகவும் நர்சாகவும் இருந்த என் அக்கா லீவில் வந்தபோது இன்சுலின் பேனா ஒன்றைக் கொண்டுவந்தாள். மருந்துக் குழல் உள்ளேயே இருந்தது. தலையைத் திருகினால் டிக் டிக் என்று அளவு ஏறும். புட்டி வேண்டாம், கோடு பார்க்க வேண்டாம். ஊசியோ மயிரிழை, குத்தியதே தெரியவில்லை. அக்கா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "கருவிதாண்டி புதுசு. மருந்து அதே மருந்துதான். போட்ட அரை மணியில சோறு உள்ள போயிடணும்."

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, அதாவது என் அண்ணிக்கு, பேனா பிடிக்கவில்லை. வலிக்காத ஊசி எப்படி வேலை செய்யும் என்பது அவர் கட்சி.

அந்த மாதமே இண்டூரில் அண்ணியின் கொழுந்தனாருக்குக் கல்யாணம். மாதா கோயிலில் பூசை முடிந்து பந்திக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கதவோரம் திரும்பி நின்று வயிற்றில் போட்டுக்கொண்டு, பேனாவைக் கைப்பைக்குள் தள்ளினேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிமிர்ந்து நடந்து இலைக்குப் போனால், வழியில் ஆவி பறக்கும் சொம்போடு அண்ணி நிற்கிறார். பழைய சிரிஞ்சையும் மறக்காமல் எடுத்து வந்திருந்தார்.

"ஊசி போடாம இலையில உக்காராதம்மா. தம்பி என்னையத்தான் கேக்கும்."

போட்டாச்சு என்றேன். யார் பார்த்தது என்றார். பேனாவைக் காட்டினேன். வலித்ததா என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அப்படியானால் போடவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. இன்னொரு தரம் போட்டால் நேரே கல்லறைத் தோட்டம்தான் என்று சொல்லியும் காதில் ஏறவில்லை. நியாயத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். கறி வெந்ததா என்று பார்க்கப் போன என் வீட்டுக்காரர் வெந்த பிறகும் வரவில்லை. அதற்குள் பந்தி நிரம்பிவிட்டது.

கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. பந்தல் லேசாக ஆடியது. நிஜமாகவே பயந்துபோனேன். பக்கத்தில் ஒருவர் கேசரி வாளியோடு போனார். வாளியைப் பிடித்து நிறுத்தி, வெறுங்கையால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். தடுக்க வந்தவர்களைப் பார்த்து, மைக்செட்டுப் பாட்டையும் மீறிக் கத்தினேன்.

"எனக்குச் சக்கரை வியாதிங்க. ஊசி போட்டாச்சுங்க. இப்பத் தின்னலைன்னா செத்துடுவேனுங்க."

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை மாலையோடு எழுந்து நின்றார். இண்டூரில் இனி யாருக்கும் தெரிய வேண்டியது பாக்கியில்லை.

அடுத்த பந்தியில் எனக்கு முதல் இலை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். கூட்டம் சோற்றில் இறங்கியதும் என் காதோரம் குனிந்தார்.

"நெசமாவே வலிக்கலியா? எனக்கும் இருக்குதாம். ஊசி போடணும்னு டாக்டர் ரொம்ப நாளாச் சொல்றாரு. பயந்துக்கிட்டு வூட்டுல யாருகிட்டயும் சொல்லல."

அவருக்கு மட்டும் கேட்கும்படி, வலிக்கவில்லை என்றேன்.