சாணம் பொறுக்கிய நிபுணன்

நான் ஒரு படித்த முட்டாள். 1950-களில், ஓசூரில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் சாணத்தில் புழு முட்டை தேடுவதுதான் என் உத்தியோகம். மாமியார் வீட்டில் மட்டும் 'மைக்ராஸ்கோப் நிபுணர்' என்று சொல்லி வைத்திருந்தேன்.

உத்தனப்பள்ளி முனியம்மாவின் எருமைக் கன்றுகளில் இரண்டு, கழிச்சல் கண்டு செத்துப்போயின. மிச்சம் ஒன்றுதான்; அதைச் சோதிக்கப் போனேன். அதன் வாலருகே போக எனக்கு அருவருப்பு. வெள்ளைச் சட்டை வேறு. கொட்டகைத் தரையில் கிடந்த சாணத்தை நாசூக்காக டப்பாவில் அள்ளிவந்து பார்த்து, "புழுவே இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் போனால், கன்றால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

"எதை சாமி அள்ளிக்கிட்டுப் போன?"

மூலையைக் காட்டினேன்.

"அய்யோ, அது தாயெருமை போட்டது!" தலையில் அடித்துக்கொண்டவள், கன்றின் வாலைத் தூக்கிப் பிடித்தாள். "டப்பாவை நீட்டு."

நீட்டினேன். டப்பாவோடு என் சட்டையும் நிறைந்தது.

அன்று மைக்ராஸ்கோப்பில் கடுகு கொட்டினாற்போல் முட்டைகள். மருந்து கொடுத்தோம். அதற்குப் பிறகு தரையிலிருந்து ஒரு டப்பாவையும் நான் நிரப்பியதில்லை. ஆனால் வாய்க்கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் போகுமா? அடுத்த வாரம் கன்று துள்ளி வந்து என்னை முட்டியதும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பாத்தீங்களாம்மா, நம்ம மைக்ராஸ்கோப் எப்படிக் காப்பாத்திச்சு!"

"வாலைத் தூக்குனது நானு."