லாபுவில் வாசல் பக்கம் போட்ட இலை

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கோலாலம்பூரிலிருந்து லாபுவுக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கும் பயணம் இல்லை, படிப்புக்காகப் போனது. நான் முதுகலையில் போர்க்காலச் சட்டம் படிக்கிறேன். போரில் காணாமல் போனவருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவருடைய குடும்பத்துக்கு உள்ள உரிமைதான் என் ஆய்வு. அதில் ஓர் அத்தியாயம் ஜப்பானியர் காலத்தில் நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றியது. போர் முடிந்தபின் நடந்த குற்ற விசாரணைகளில் கைதிகளாக இருந்த சிப்பாய்களின் குரல் நிறையக் கேட்டது. பால் வெட்டிய நம் ஆட்களின் குரல் மிகக் குறைவு. நூலகத்திலேயே உட்கார்ந்து எழுதியதால் அந்த அத்தியாயம் மட்டும் உப்பில்லாமல் கிடந்தது. "ஒரு வீட்டுக்காவது போய்ப் பேசிவிட்டு வா" என்றார் மேற்பார்வையாளர்.

சொல்வது சுலபம். பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவந்தவள் நான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் சொந்தக்காரர்கள் எல்லாரும் நான் நீதிமன்றத்தில் மேசையைத் தட்டிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லவேளை, வழி அம்மா மூலம் கிடைத்தது. சுங்கை காடுட்டில் அம்மாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர் சரஸ் அக்கா. அவருடைய தாத்தா பெருமாள் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. "அப்பாவோட முதல் வருஷத் திதி வருது. அன்னிக்கு அனுப்பி வைங்க, எல்லாரும் வீட்டுல இருப்போம்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். (இந்தக் குடும்பத்தின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சம்மதித்தார்கள்.)

போகிறவர்களுக்கு: கே.எல். சென்ட்ரலில் சிரம்பான் பக்கம் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறுங்கள். நீலாய்க்கு அடுத்த நிலையம் லாபு. ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் பத்து மலேசிய வெள்ளியைத் தாண்டாது. நீலாய் கடந்ததும் அடுக்குமாடிகள் விலகி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் வந்துவிடும். லாபுவில் இறங்கியபோது என்னோடு இறங்கியவர் ஒரே ஒருவர், அவரும் கோழித் தீவன மூட்டையோடு. வாடகைக் காருக்குக் காத்திருந்தால் வெகுநேரம் ஆகும். யாரையாவது வரச் சொல்லிவிடுவது நல்லது.

எனக்காக வந்தவர் சரஸ் அக்காவின் தம்பி குமரன் அண்ணன். லாரி ஓட்டுகிறார். அன்று பழைய வேன் ஒன்றில் வந்திருந்தார்.

"நீதான் அந்த லாயரா?"

"லாயர் இல்லண்ணே. இன்னும் படிக்கிறேன்."

"படிச்சா லாயர்தானே லா. ஏறு. எங்க வீட்டுல ஒரு கேஸ் இருக்கு."

கேலி என்று நினைத்தேன். ஆனால் தோட்டத்துக்குப் போகும் ஆறு கிலோமீட்டர் மண்பாதையில் அந்தக் கேஸை விளக்கிக்கொண்டே வந்தார். திதியில் சடங்கு செய்யும் பண்டாரம் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். இறந்தவர், அவருடைய அப்பா, அவருடைய தாத்தா. குமரன் அண்ணனின் அப்பா மாரிமுத்து கைக்குழந்தையாக இருந்தபோது, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்தே பெருமாள் தாத்தாவை லாரியில் ஏற்றிவிட்டார்கள். மூன்று மாத வேலை என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மாரிமுத்து கடைசிவரை தன் அப்பாவின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்துச் சொன்னதே இல்லை.

"இன்னிக்கு நாந்தான் சொல்லணும். நா தாத்தா பேரச் சொல்லிரலாங்கறேன். அக்கா கூடாதுங்குது."

"ஏன் சொல்லணும்னு நினைக்கிறீங்கண்ணே?"

ஒரு பள்ளத்தில் வேனை மெதுவாக இறக்கி ஏற்றினார். "அப்பா அங்க தனியா இருக்காருல்ல. அப்பன் மூஞ்சி எப்படின்னே தெரியாத மனுஷன். இப்பவாச்சும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடட்டுமே."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். லயத்து வரிசை வீடுகளில் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கோயிலை ஒட்டிய நான்கைந்து வீடுகளில் மட்டும் நம் குடும்பங்கள்.

சரஸ் அக்கா சமையலறையிலிருந்தே வரவேற்றார். "வந்துட்டியா? நீ வாயே தெறக்க மாட்டேன்னு உங்கம்மா சொன்னாங்க. பரவால்ல, பேசறதுக்கு இங்க என் தம்பி இருக்கான். இந்தா, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இலை போட்டுரு."

கையில் வேலை கிடைத்தால் கூச்சம் பாதி போய்விடும். இரண்டு வாழை இலைகளையும் துடைத்து, மாலை போட்ட மாரிமுத்துவின் படத்துக்கு முன்னால், விளக்கருகே பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். எங்கள் வீட்டில் படையல் அப்படித்தான். நிமிர்ந்தபோது கூடத்தில் பேச்சு நின்றிருந்தது.

"தாத்தா இலைய எங்கம்மா போட்ட?" என்றார் அக்கா.

"விளக்குக்கு முன்னாடிக்கா."

"அங்க இல்ல. எப்பவும் நாம சாப்புடற வரிசையில கடைசி, வாசல் பக்கம். வேல முடிஞ்சு வர்றவரு கை கழுவிட்டு நேரா உக்காரணும்ல."

குமரன் அண்ணன் குறுக்கிட்டார். "போட்டாச்சுல்ல, இருக்கட்டும். தானா அமைஞ்சிருக்கு."

"தானா அமைஞ்சுதா, வழியில நீ சொல்லிக் குடுத்தியா?"

"நா ஒண்ணும் சொல்லல லா. லாயரே போட்டுச்சு."

இலையை எடுக்கக் குனிந்தேன். "இரு, எடுக்காத" என்றார் குமரன் அண்ணன். "சட்டம் படிச்ச புள்ள இருக்கு, கேட்டுருவோம். ஒருத்தரு வரலன்னா எத்தன வருஷம் காத்திருக்கணும்?"

ஏழெட்டுப் பேர் என்னையே பார்த்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன். "நம்ம நாட்டுச் சட்டத்துல, ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லன்னா இறந்துட்டதா எடுத்துக்கலாம்ணே."

அவர் "பாத்தியா?" என்பதுபோல அக்காவைப் பார்த்தார். வழக்கமாக நான் அதோடு நிறுத்திவிடுவேன். அன்று அக்காவின் முகத்தைப் பார்த்தபின் நிறுத்த முடியவில்லை.

"ஆனா நா படிக்கிற சட்டம் வேற. அது வீட்டுக்காரங்ககிட்ட எப்ப முடிக்கப் போறீங்கன்னு கேக்காது. கூட்டிட்டுப் போனவங்ககிட்டதான் கேக்கும், அவருக்கு என்ன ஆச்சு சொல்லுங்கன்னு."

"கேட்டாங்களா?"

"தாத்தாவுக்காக யாரும் கேட்ட மாதிரி தெரியலண்ணே. அந்த விதி எழுதுனதே ரொம்ப வருஷம் கழிச்சு. பழசுக்குச் செல்லாது."

"அப்பறம் என்னா பிரயோஜனம்?"

ஆய்வை ஆரம்பித்த நாளிலிருந்து நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. "தெரியலண்ணே" என்றேன். "ஆனா அவரு செத்துட்டாருன்னு மொதல்ல சொல்ல வேண்டியது அவங்க. நீங்க இல்ல."

அடுப்பில் குக்கர் விசிலடித்தது. அதற்குள் பண்டாரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, இன்னும் இரண்டு வீடு போகணும் என்று அவசரப்படுத்தினார். குமரன் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தர்ப்பையோடு உட்கார்ந்தார். விளக்கு முன்னால் இரண்டு இலையும் அப்படியே இருந்தன.

"அப்பா பேரு?"

"மாரிமுத்து."

"தாத்தா பேரு?"

அவர் தாத்தா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கம் விரித்தார். ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அவரு இன்னும் வரல சாமி" என்றார்.

"வயசென்ன இருக்கும்?"

"நூத்துப் பத்து."

பண்டாரம் சிரிக்கவில்லை. "உசுரோட இருக்கறவங்களத் தாண்டி மேல சொல்லலாம். அவரோட அப்பா பேரு?"

"முத்தன்" என்றார் சரஸ் அக்கா, பின்னாலிருந்து. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பிட உட்கார்ந்தோம். தாத்தா இலைக்குப் பக்கத்து இடம் எப்போதும் மாரிமுத்து உட்கார்ந்த இடமாம். அங்கே குமரன் அண்ணன் உட்கார்ந்தார். தனக்குப் போடும் முன் அந்த இலைக்கு ரசம் ஊற்றினார். அப்பளம் மறந்துவிட்டது என்று அக்காவை விரட்டினார். எல்லாரும் எழுந்தபின் அந்த இலையைக் கடைசியாக மடித்தவரும் அவர்தான். துக்கச் சாப்பாட்டில் இலையை எதிர்ப்பக்கம் மடிப்போம். அவர் தன் பக்கமாக மடித்தார், விருந்துக்குப் போன வீட்டில் மறுபடியும் வருவோம் என்று மடிப்போமே, அப்படி.

நான் கொண்டுபோன கேள்விகளில் பாதியைக் கேட்கவே இல்லை. ரயிலில் வரும்போது மடிக்கணினியைத் திறந்தேன். அத்தியாயத்தில் ஓர் அட்டவணை உண்டு. பெருமாள் என்ற பெயருக்கு நேராக "இறந்தவர்" என்று நானே எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, "குடும்பத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதினேன். மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்வாரா தெரியாது. அவர் அறைக்குப் போய் வாய்விட்டுப் பேசிப் பார்க்கப் போகிறேன்.

இதுபோன்ற வீடுகளைத் தேடிப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில: வார இறுதியில் ரயில்கள் இடைவெளி விட்டு வரும், திரும்பும் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். மழைக்குச் செம்பனைப் பாதை வழுக்கும், பழைய செருப்பு போதும். பழம் வாங்கிப் போங்கள். பேச்சைப் பதிவு செய்யும் கருவியைப் பையிலேயே வைத்திருங்கள், சாப்பிட்டு முடிந்தபின் எடுக்கலாம். எப்போது இறந்தார் என்று கேட்டு ஆரம்பிக்காதீர்கள். இலை போடச் சொன்னால், எங்கே என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அந்தக் கடைசி அறிவுரை என்னுடையது இல்லை. நிலையத்தில் இறக்கிவிட்டபோது குமரன் அண்ணன் வேன் ஜன்னலிலிருந்து சொன்னது. "தீபாவளிக்கும் வா லாயரே. தாத்தாவுக்கு நீதான் இலை போடற. அந்தத் தடவ எங்கன்னு கேட்டுட்டுப் போடு. வாசல் பக்கம்."