வடிவை வகுப்பு மாற்றப் பிள்ளையார்பாளையம் போன நாள்

காது கேளாத தன் மூன்று வயது மகனை ஒரு பயிற்சி மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் போவதாகப் போன வாரம் ஒரு தாய் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார். "பழைய டீச்சரையும் புது டீச்சரையும் வீட்டுக்கு வரச் சொன்னால் தப்பாக நினைப்பார்களா? போனில் பேசிக்கொண்டால் போதாதா?" என்று கேட்டிருந்தார். போதாது அம்மா. ஏன் போதாது என்பதற்கு நான் போன ஒரு பேருந்துப் பயணத்தைச் சொல்கிறேன். அதில் அசடு வழிந்தது நான்தான்.

எழுபதுகளின் நடுவில், பொங்கல் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை. எனக்கு இருபத்து நான்கு வயது. மதராஸில் காது கேளாத சிறு பிள்ளைகளுக்கான வகுப்பில் டீச்சர். என்னிடம் வந்த குழந்தைகளில் வடிவும் ஒருத்தி. நாலு வயது ஆக மூன்று மாதம் பாக்கி. அப்பா ஏகாம்பரம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர். அம்மா காந்திமதி மகளுக்காக ஒரு வருஷமாகப் பெரம்பூரில் தன் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். கரை சேர்த்து நெய்யும் புடவைக்குத் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் ஓடும் கட்டையான கரைநாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் காந்திமதிதான். அவள் இங்கே இருந்ததால் அவர் அங்கே கரையில்லாத புடவையாக நெய்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காஞ்சிபுரத்திலேயே இப்படி ஒரு வகுப்பு தொடங்கினார்கள். எட்டே இடம். அதை நடத்திய மேரி டீச்சர், குழந்தையை வீட்டிலேயே வந்து பார்த்து முடிவு சொல்வதாகக் கடிதம் போட்டிருந்தார். சொல்வதைப் புரிந்துகொள்ளும் குழந்தை என்றால் உடனே சேர்ப்பார். இல்லையென்றால் அடுத்த வருஷம்தான். அதாவது இன்னொரு வருஷம் அப்பா அங்கே, அம்மாவும் மகளும் இங்கே. காந்திமதியும் வடிவும் முதல் நாளே ஊருக்குப் போய்விட்டார்கள். நான் ஒரு பக்க அறிக்கையைத் தட்டச்சு செய்து கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிராட்வே நிலையத்தில் காலை ஆறு பத்துக்குப் பேருந்து. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் இரண்டு ரூபாய் அறுபது பைசா என்று ஞாபகம். இந்தப் பக்கம் உட்காரலாமா அந்தப் பக்கம் உட்காரலாமா என்று சண்டை போட வேண்டாம். காலையில் போனாலும் சாயங்காலம் திரும்பினாலும் வெயில் முதுகுப் பக்கம்தான். பூந்தமல்லியில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். டீ சுமார். எட்டே முக்காலுக்குக் காஞ்சிபுரம்.

இறங்கியதும் ஒரு ஜட்காக்காரர் பிடித்துக்கொண்டார்.

"புடவை எடுக்கவாமா? நல்ல எடமா இட்டுக்கினு போறேன்."

"புடவை இல்லைங்க. பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழந்தையைப் பார்க்கணும்."

"கொழந்தைய பாக்கவா வெறுங்கையோட வந்துக்கினு இருக்கே? நல்லாருக்குதுமா நியாயம்!" என்று சொல்லி, நான் கேட்காமலே ஒரு பழக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். வாழைப்பழம் ஒரு சீப்பு, வண்டிக்கு முக்கால் ரூபாய். தெருமுனையிலேயே இறக்கிவிட்டார். தறியில் ஏற்றப்போகும் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலை முடிகிறவரை அங்கே வண்டி போகாது. நானும் சுவரோரமாக ஒண்டிக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் என்னை வரவேற்றது தறிச் சத்தம்தான். வீட்டில் இரண்டு தறி. அக்கம்பக்கத்துத் தறிகளையும் சேர்த்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஏகாம்பரம் எனக்காகத் தன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். உள்ளறைத் தறியில் அவருடைய தங்கை தனம் நெய்துகொண்டிருந்தார். வடிவு புதுப் பாவாடையில் ஜம்மென்று நின்றாள். மார்பில் தொங்கும் காதுக் கருவிப் பெட்டிக்குக் காந்திமதி பட்டுத் துண்டில் ஒரு பை தைத்திருந்தாள். அந்தப் பையின் அழகுக்கு என் மதராஸ் வகுப்பே ஈடாகாது.

ஒன்று மட்டும் எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டே நின்றார். காந்திமதி தன் கையை முந்தானைக்குள் சுருட்டியே வைத்திருந்தாள். மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன். என்ன ஒரு புத்திசாலி நான்!

பதினோரு மணிக்கு மேரி டீச்சர் வந்தார். நாற்பது வயதுக்கு மேல், மூக்குக் கண்ணாடி, சிரித்த முகம். பந்து, கரண்டி, டம்ளர், பொம்மை என்று பத்துப் பொருளைப் பரப்பினேன். "வடிவு, பந்தை எடு." பந்தை எடுத்தாள். "கரண்டியை எடு." டம்ளரை எடுத்தாள். காந்திமதி பக்கத்தில் உட்கார்ந்து, "வடிவூ! கரண்டிம்மா! கரண்டீ!" என்று உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னாள். குழந்தை அவள் வாயையே பார்த்தது, பிறகு வாழைப்பழத்தைப் பார்த்தது. பத்துக்கு மூன்று.

மேரி டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "தங்கமான குழந்தை. ஆனா இன்னும் ஒரு வருஷம் உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்." ஏகாம்பரம் நிறுத்திவைத்த தறியையே பார்த்தார்.

அந்த நேரத்தில் உள்ளறையில் தனத்தின் தறியில் இழை அறுந்தது. நெய்கிற வேகத்தில் அவருக்கு எங்களை மறந்துபோயிற்று. இரண்டு விரலைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு திருகு திருகினார். அவ்வளவுதான். வடிவு என் பொம்மையைக் கடாசிவிட்டு ஓடினாள். அலமாரிக்கு அடியிலிருந்து சாம்பல் இருந்த கொட்டாங்கச்சியை எடுத்துத் தனத்திடம் நீட்டினாள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டால்தான் வழுக்கும் பட்டிழை பிணையும்.

தனம் எங்களைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "ஐயோ டீச்சர், மன்னிச்சிக்கோங்க! கை தானா வந்துடிச்சி. இனிமே செய்ய மாட்டேன்."

"எதுக்கு மன்னிப்பு?" என்றேன்.

ஏகாம்பரம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வடிவ சேக்கறப்ப நீங்கதானே சொன்னீங்க, ஜாடை காட்டினா கொழந்தைக்குப் பேச்சு வராதுன்னு. நாங்க தறி சத்தத்துல எப்பவும் கையாலதான் பேசிக்குவோம். வடிவு பொறக்கறதுக்கு முன்னாலயும் இப்டிதான். நீங்க வேணான்னீங்க, நிறுத்திட்டோம். லீவுக்கு வந்திருக்கறப்ப மறந்தாப்ல செஞ்சிட்டா இது ஓடியாந்துடுது, என்னா பண்றது?"

ஆமாம், நான்தான் சொன்னேன். அந்த நாளில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டதை அப்படியே அவர்களிடம் ஒப்பித்தேன். என் ஒரு வாக்கியத்துக்காக ஒரு குடும்பமே ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

மேரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கேம்மா, கட்டின கையை அவுத்து விடுங்க பாப்போம்."

பிறகு நடந்தது திருவிழா. தண்ணீர், நாடா, சிவப்பு நூல், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு, கதவைச் சாத்து... கை ஒன்று காட்ட, வடிவு பறந்தாள். பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்ட செய்தியை எங்களுக்கு நடித்தே காட்டினாள், வாலோடு. அவளுக்குப் புரிந்த ஜாடைகளை முப்பத்திரண்டு வரை எண்ணிவிட்டு நான் சிரித்துச் சிரித்து விட்டுவிட்டேன். காந்திமதி தண்ணீருக்குக் கையைக் காட்டிக்கொண்டே "தண்ணி" என்று சொன்னபோது வடிவின் உதடும் அசைந்தது. "ண்ணி" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

"புரிஞ்சிக்கிற பொண்ணு இது. பேச்சை இந்த ஜாடைக்கு மேலயே நான் ஏத்திக்கிறேன். திங்கக்கிழமை அனுப்புங்க" என்றார் மேரி டீச்சர். காந்திமதி அழுதுகொண்டே இலை போட்டு, நாலு இட்லிக்கு மேல் இன்னும் நாலு வைத்தாள். வேண்டாமென்றால் யார் கேட்கிறார்கள்?

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதல் இரண்டு வாரம் தனமும் காந்திமதியும் மாற்றி மாற்றி வகுப்புக்குள்ளேயே இருப்பது, தறி வேலையை அதற்கேற்றபடி பிரித்துக்கொள்வது, ஒரு மாதம் கழித்து நான் வந்து பார்ப்பது. புடவை டிசைன் போடுகிற கட்டத் தாளில் ஏகாம்பரம் கட்டத்துக்கு ஒரு கையாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதி மேரி டீச்சரிடம் கொடுத்தார். என் அறிக்கை பைக்குள்ளேயே இருந்தது. கோயிலுக்குப் போகலாம் என்றால் மணி ஒன்றைத் தாண்டி நடை சாத்தியிருந்தார்கள்.

நாலரை மணிப் பேருந்துக்கு ஏகாம்பரம், காந்திமதி, வடிவு மூன்று பேரும் வந்து வழியனுப்பினார்கள். நான் ஏறப்போகும்போது வடிவு என்னைப் பார்த்து இரண்டு உள்ளங்கையையும் கவிழ்த்து, இரண்டு தரம் கீழே அமர்த்தினாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்த அசைவு. மதராஸ் வகுப்பில் தினமும் மூன்று மணிக்கு மேல் செய்வாள். அம்மாக்கள் வெளியே வராந்தாவில் இருப்பார்கள். நான் அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துவிடுவேன்.

"இது என்ன காந்திமதி?"

"தறிய நிறுத்திட்டு எறங்கறதுக்கு காட்டறது டீச்சர். ஊட்டுக்குப் போலாமான்னு கேக்குது. உங்களையும் கூப்புடுது."

ஒரு வருஷமாக, தினமும். நான் பையைக் கீழே வைத்தேன். அவளைப் போலவே இரண்டு கையையும் கவிழ்த்து இரண்டு தரம் அமர்த்தினேன். வடிவு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

குழந்தையை மாற்றப் போகிறவர்களுக்கு என் யோசனை: இரண்டு டீச்சரையும் ஒரே நாளில் வீட்டுக்கு வரவழையுங்கள். வீட்டில் யாரும் நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டாம், தினமும் நடக்கிற வேலை நடக்கட்டும். முதல் சில நாள் வீட்டு ஆள் ஒருவர் புது வகுப்பில் இருக்கட்டும். காதுக் கருவிக்கு இரண்டு பேட்டரி கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். கடைசியாக, பழைய டீச்சர் எழுதிய அறிக்கையை வாங்கி எல்லோருமாகப் படியுங்கள். திரும்பும் பேருந்தில் நான் என்னுடையதை எடுத்துப் படித்தேன். ஏழாவது வரி இப்படி இருந்தது: "பிற்பகலில் காரணமில்லாமல் கைகளை அசைக்கிறாள்."