பச்சை சோபா வந்த படங்கள்

ஒஸ்லோவில் ஒரு திரைப்படக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். பழைய படச்சுருள்களைத் துடைத்து, அறுந்த இடங்களை ஒட்டி, கணினிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு வயோதிபர் இறந்தபோது அவருடைய நிலவறையிலிருந்து ஏழு பெட்டிகள் வந்தன. ஆணை விரும்பும் ஆண்களைப் பற்றிய, ஐம்பது வருடப் பழைய அமெரிக்கப் படங்கள். திறந்ததும், பழுதாகத் தொடங்கிய படச்சுருளின் வினாகிரி மணம் அடித்தது.

உடம்பைக் காட்டினால்தான் தியேட்டர்காரர் எடுப்பார்கள் என்பதால் சுவரொட்டி முழுக்க வெற்றுடம்புகள். படத்துக்குள் அவ்வளவு இல்லை. இரண்டு பேர் சமையலறையில் நின்று சண்டை பிடிப்பார்கள். குரலைப் பிறகு சேர்த்ததால் வாய் மூடிய பின்னும் பேச்சு வரும். மூன்று படங்களில் மூன்று வீடுகள். எல்லாவற்றிலும் அதே பச்சை சோபா. கடைசியில் எப்படியும் ஒருவன் செத்துப்போவான். நான் கீறல்களைக் குறித்துக்கொண்டேன். வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த மாதம்தான் நான்கு வருடம் என்னோடு மோர்டென்ஸ்ருட் வீட்டில் இருந்தவர், நாட்டின் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்ட்டில் வேலை எடுத்துக்கொண்டு போனார். என் வீட்டில் அறை எடுத்திருப்பவர் என்றே அக்காவுக்குச் சொல்லியிருந்தேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தப் படங்களில் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திரையிட்டார்கள். ஒஸ்லோவின் இன்னொரு பக்கம், ரொம்மனில் இருக்கும் அக்கா, நான் செய்யும் வேலையை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன படம் என்று சொல்லாமல் கூட்டிப்போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் சரியாகத் தெரியாது.

அக்கா கைப்பையை மடியில் வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். உடுப்பில்லாத காட்சி வந்தபோது குனிந்து ஒரு டொபியின் தாளைப் பிரித்தார். எழுந்து போகவில்லை.

திரும்பும்போது ரயில் நிலைய வாங்கில் உட்கார்ந்துதான் கேட்டார்.

"அந்தப் பெடியனை ஏன் சாகடிச்சவை?"

"அப்பிடி முடிச்சால்தான் படத்தைப் போட விடுவினம் எண்டு நினைச்சிருப்பினம்."

ரயில் வந்தது. அக்கா எழும்பவில்லை. அது போன பிறகு, "உன்ரை வீட்டிலை இருந்தவர்... நீயும் அவரும் அப்பிடியோ?" என்றார்.

"ஓம்."

"இப்ப எங்கை அவர்?"

"விட்டிட்டுப் போட்டார், அக்கா."

"நாலு வருஷமா எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்த மனிசன்," என்று சொல்லி அக்கா அழுதார். நானும் அழுதிருக்கலாம். அடுத்த ரயில் வர எத்தனை நிமிடம் என்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. யாராவது எனக்குக் கலியாணம் பேசி வந்தால், அவனுக்கு விருப்பமில்லை என்று அக்காவே சொல்லி அனுப்பிவிடுகிறார். போன நத்தார் பண்டிகைக்கு ஹம்மர்பெஸ்ட்டுக்கு வாழ்த்து அனுப்பியதாகவும், பதில் வந்ததாகவும் சொன்னார். நான் என்ன பதில் என்று கேட்கவில்லை.