கொறற்றி அக்காவின் 'அல்லெஸ் கூட்'

கொறற்றி அக்கா வாய் செத்தவ எண்டு ஜேர்மனியிலை, நொய்கெல்ன் பக்கம் ஒருத்தரும் சொல்லமாட்டினம். முருங்கைக்காய் முத்தியிருந்தால் தமிழ்க்கடைக்காரர் ஒளிக்க இடம் தேடுவார். ஆனால் ஒரு மேசை, அதிலை ஒரு கோப்பு, பின்னாலை ஒரு ஜேர்மன்காரி இருந்தால் போதும். அக்காவின்ரை வாயிலை வாறது ஒரே வசனம்: "அல்லெஸ் கூட்." எல்லாம் நல்லாயிருக்கு. மன்னாரிலையிருந்து அகதியாய் வந்து, பத்து வருஷமாய் விசாவுக்கு வரிசையிலை நிண்டு படிச்ச பாடம். குறை சொன்னால் கடுதாசி பிந்தும், அவ்வளவுதான்.

2004ஆம் ஆண்டு, ஏழு வருஷம் நேந்து தங்கின முதல் பிள்ளைக்கு வயித்திலை எட்டு மாதம். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சுக் கடிக்கத் தொடங்கிச்சுது. தோலிலை ஒரு பொட்டும் இல்லை, கடியோ, ஐயோ மாதாவே! சப்பாத்துப் பிரஷாலை சொறிஞ்சா. வெளியிலை போனாலும் பிரஷ் கைப்பையிலை இருக்கும். "இறால் திண்டிருப்பாய்" எண்டா பக்கத்து வீட்டுப் புஷ்பமலர். இறாலை விட்டா, கடி விடேல்லை.

டாக்குத்தரம்மாவைப் பாக்கிற டெர்மின் நாள் வந்துது. "எப்படி இருக்கிறீங்கள்?"

"அல்லெஸ் கூட்."

மேசைக்குக் கீழை ஒரு கால் மற்றக் காலைத் தேய்க்குது. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறா, பாருங்கோவன்! புருஷன் றெஜினோல்ட் அண்ணைக்குப் பொறுக்கேல்லை. அவவின்ரை பைக்குள்ளை கையை விட்டு, பிரஷை எடுத்து மேசையிலை வைச்சார். "ரெண்டு கிழமையாய் இதாலைதான் சொறியிறா."

அக்கா முறைச்ச முறைப்பிலை மனுசன் பொசுங்கியிருக்கவேணும். டாக்குத்தரம்மா சிரிக்கேல்லை. உடனை இரத்தம் எடுத்தா.

அடுத்தநாள் கூப்பிட்டுச் சொன்னா. ஈரலிலை பித்தம் ஓடாமல் தேங்கி இரத்தத்திலை கலக்குதாம். தாய்க்குக் கடி. பிள்ளைக்கோ, வயித்துக்குள்ளையே இதயம் நிண்டுபோகக்கூடிய ஆபத்து. குளிசை தருவம், ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாப்பம், முப்பத்தேழாம் கிழமை வலி வரப்பண்ணிப் பிள்ளையை எடுப்பம் எண்டா.

அக்கா விக்கி விக்கி அழுதா. "கடுதாசிக்குப் பயந்த பயத்திலை பிள்ளையைப் பறிகுடுக்கப் பாத்தனே!"

பிறகு ரெண்டு கிழமை, மெசினிலை பிள்ளையின்ரை துடிப்பைக் கேட்டால்தான் அவவுக்குச் சோறு இறங்கும்.

லவினியா பிறந்தாள். சத்தமில்லை. பிறகு போட்டாள் பாருங்கோ ஒரு கத்தல், கட்டிடமே அதிர! தாதி அழுகையை அமத்தப் போனா.

"விடுங்கோ" எண்டா அக்கா, ஜேர்மனிலையே. "நல்லாக் கத்தட்டும். எங்கடை வீட்டிலை ஒருத்தியாவது குறை சொல்லட்டும்."