புகைக்குழாயில் உருகிய உரப்பை

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் என் மோட்டார் சைக்கிளை இரண்டு மணி நேரம் எடுத்துப் போனார். வெள்ளிக்கிழமை தோட்டத்து ஸ்டோரில் இரண்டு மூட்டை உரத்தைக் காணோம் என்று பேச்சு வந்தது. ஞாயிறு காலை குனிந்து பார்த்தபோது என் மோட்டாரின் புகைக்குழாயில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. கருகிய வெள்ளை. அதன் மேல் சிவப்பில் மூன்று எழுத்துகள், கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி. உர மூட்டையின் எழுத்து.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இதைச் சேர்த்துப் பார்க்க அந்தப் படிப்பே போதும்.

அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஃபேக்டரியில் இலை உலர்த்தும் வேலை, தொழிலாளர் லயத்தில் ஓர் அறை. அதற்கு முன்னால் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தக்காளிக் கூடாரத்தில் இருந்தேன். அங்கே ஒரு தண்ணீர்ப் பம்பு தொலைந்தபோது என் பையைத்தான் முதலில் கொட்டினார்கள். பம்பு பிறகு கிடைத்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

உரத்தை அண்ணன்தான் எடுத்திருப்பார் என்று நம்பினேன். சாவியைத் திருப்பித் தந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போய்க் கேட்கலாம். கேட்டால் உஷாராகி, பழியை என் பக்கமே திருப்பிவிடுவார். மோட்டார் என்னுடையது. அடையாளத்தை எடுத்துவிடுவதே நல்லது என்று பட்டது.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். குழாய் சூடேறினால் பிளாஸ்டிக் இளகும். கத்தி வைத்தால் ஸ்டெயின்லெஸ்ஸில் கோடு விழும் என்பதால் மூங்கில் குச்சியைச் சீவி ஓரத்திலிருந்து நெம்பினேன். எழுத்திருந்த மேல்தோல் சுருண்டு வந்தது. அடியில் கருகியது அசையவில்லை. குழாய் ஆறியதும் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். மூடுபனியில் ஆள் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினேன்.

தூக்காத ஒரு முறை கிராணி வந்து நின்றார். தேயிலைக் காட்டில் ஆட்களின் வேலையை மேற்பார்ப்பவர்; ஸ்டோர் சாவியும் அவரிடம்தான்.

"என்னய்யா, மோட்டாரு கல்யாணத்துக்குப் போவுதா?"

"அழுக்கு, கிராணியாரே."

"எட்டு மாசமா சேத்தோட ஓட்டுனீங்க. உரம் காணோம்னதும் அழுக்கு கண்ணுக்குத் தெரியுதா?"

தரையில் கிடந்த சுருளை எடுத்து விரித்தார். சிவப்பு எழுத்து தெரிந்தது.

"நான் ஓட்டல. வியாழக்கெழம இவருதான் எடுத்துட்டுப் போனாரு" என்று பக்கத்து வாசலைக் காட்டினேன். அண்ணனும் அவர் மனைவியும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சு, கிராணியாரே. இவளக் காட்டுலேருந்து ஏத்திக்கிட்டு நேரா ரிங்லெட்டு ஸ்கூலுக்குப் போனேன். அவ்ளோதான்லா."

அவர் மனைவி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக்கை எடுத்து வந்து விரித்தார். கொழுந்து வெட்டும் பெண்கள் செடியின் ஈரம் படாமல் இருக்க உரப்பையைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். எட்டு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். அன்று காலை மட்டும் அது என் மண்டையில் ஏறவில்லை. அவருடையதில் ஓரமாக ஓர் ஓட்டை, சுற்றிலும் கருகல்.

"அவசரத்துல அவுக்காம ஏறிட்டேன். கொழாயில பட்டுருச்சு. தம்பி மோட்டார அசிங்கம் பண்ணிட்டமேன்னு இவரு சொல்லவே வெக்கப்பட்டாரு."

கிராணி ஓட்டையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். குழாய் பளபளவென்று இருந்தது.

"ஓட்ட அடுப்புலகூட விழும்லா. இந்தச் சுருளு சுருங்கிப்போச்சு, பொருந்துதான்னு பாக்க முடியாது. கொழாயில ஒட்டுன எடத்துல வெச்சுப் பாத்திருந்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். ஐயாதான் தேச்சுத் தள்ளிட்டாரே. திருடலன்னா எதுக்குத் தேய்க்கணும்?"

அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அண்ணன் திருடியதாக நினைத்தேன், பழி என் மேல் விழுமென்று பயந்தேன். அதைச் சொன்னேன். கிராணி நம்பவில்லை. அவர்கள் இரண்டு பேரும் நம்பினார்கள்.

திங்கள்கிழமை அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். உரம் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்டோர் சாவி வைத்திருந்தவரை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. கம்போங் ராஜாவில் கோஸ் வெட்ட ஆள் தேவை என்றார்கள். துணிப் பையை மோட்டாரில் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், தம்பி. செவுத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்தோம்."